பினாங்குக்கு இலையுதிர் காலம் கிடையாது, மழை மாதம்தான் உண்டு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற வாரம் உங்கள் பத்திரிகையில் ‘இந்த இலையுதிர் காலத்தில் வட்டாரத்தில் மழை குறையும், வெப்பம் நீடிக்கும்’ என்று ஒரு செய்தி போட்டிருந்தீர்கள். ஐந்தே வரி. எந்த வட்டாரம், எந்த மாதம், எவ்வளவு குறையும், எதுவும் இல்லை. நான் ஆயர் ஈத்தாமில் முப்பது வருடமாகக் குடியிருக்கிறேன், இங்கே எந்த மரமும் இலையுதிர் காலத்துக்காகக் காத்திருந்து இலை உதிர்த்து நான் பார்த்ததில்லை. வெளிநாட்டுச் செய்தியை அப்படியே தமிழில் எடுத்துப் போட்டால் இப்படித்தான் ஆகும்.

மூன்று வாரமாக இங்கே மழை என்று சொல்லும்படி எதுவும் பெய்யவில்லை, சாயங்காலம் மலைப்பக்கம் கறுத்துக்கொண்டு வருகிறது, நான்கு துளி போட்டுவிட்டுக் கலைந்துவிடுகிறது. ராத்திரி பதினொரு மணிக்கும் சுவரில் கை வைத்தால் சூடு. இந்த நேரத்தில் அந்த ஐந்து வரியைப் படித்த பக்கத்து வீட்டு அக்கா அன்றைக்கே இரண்டு பீப்பாய் வாங்கி வந்து தண்ணீர் பிடித்து வைத்துவிட்டார், மூடி போடாமல். டிங்கிக் கொசுவுக்கு அதைவிட வேறென்ன வேண்டும்? எதிர்வீட்டு மாமாவோ, “ஐப்பசி வந்தால் அடைமழைதானே, எல்லாம் சரியாகிவிடும்” என்று சொல்லிவிட்டு வழக்கம்போல் குழாயைத் திறந்துவிட்டுக் காரைக் கழுவுகிறார். ஒரே செய்தியைப் படித்த இரண்டு பேர் இப்படி எதிரெதிராகப் போனதற்கு அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். செய்தியில் ஒன்றும் இல்லை.

ஐப்பசி அடைமழை தமிழ்நாட்டுக் கணக்கு. நம் தாத்தா பாட்டி கப்பலில் வரும்போது அந்தப் பழமொழியையும் கொண்டுவந்தார்கள். பினாங்கில் செப்டம்பரும் அக்டோபரும்தான் அதிகம் மழை பெய்யும் மாதங்கள் என்பதால், அது இங்கேயும் பெரும்பாலும் பொருந்திவிடுகிறது. ஆனால் எல் நினோ வருடத்தில் கணக்கு பிரிந்துவிடும். எல் நினோ என்பது பசிபிக் கடலின் நடுப்பகுதியும் கிழக்குப் பகுதியும் வழக்கத்தைவிடச் சூடேறுவது, அப்போது நம் பக்கத்து மழைமேகம் கிழக்கே நகர்ந்து இங்கே வறண்டுபோகிறது, தமிழ்நாட்டிலோ அக்டோபர் முதல் டிசம்பர் வரை வழக்கத்தைவிட மழை கூடுகிறது என்பதுதான் பொதுவான போக்கு. அதனால் ஊரிலிருந்து உறவினர் வாட்ஸ்அப்பில் அனுப்பும் மழைப் படத்தைப் பார்த்து நாம் தெம்பாக இருக்க முடியாது. எல்லா எல் நினோவும் ஒரே மாதிரி அடிப்பதுமில்லை, சபாவுக்கும் பினாங்குக்கும் ஒரே அளவில் அடிப்பதுமில்லை. 1998 ஏப்ரல் 9ஆம் தேதி பெர்லிஸ் சுப்பிங்கில் 40.1 டிகிரி பதிவானதே, அது 1997-98இன் பெரிய எல் நினோவின் வால் பகுதியில் வந்தது.

அப்புறம் இந்த ‘மழை குறையும்’ என்ற சொல். சிங்கப்பூரில் இருக்கும் ஆசியான் வானிலை மையம் மூன்று மாதத்துக்கான கணிப்பை வெளியிடும்போது வழக்கத்தைவிடக் குறைவு, வழக்கமான அளவு, வழக்கத்தைவிட அதிகம் என்று மூன்றாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு வாய்ப்பு என்றுதான் சொல்கிறது. ஒன்றுமே தெரியாவிட்டால் மூன்றுக்கும் 33 விழுக்காடு. குறைவான மழைக்கு 45 என்று வந்தால், வழக்கமான அளவோ அதற்கு மேலோ பெய்வதற்கு இன்னும் 55 இருக்கிறது என்று பொருள். அதை ‘மழை குறையும்’ என்று நறுக்கிப் போட்டால் படிப்பவருக்கு வறட்சி உறுதி என்றுதானே தோன்றும்? அதோடு, வழக்கத்தைவிடக் குறைவு என்றால் மழையே இல்லை என்றும் ஆகாது. பினாங்கில் அக்டோபரில் சராசரியாக 300 மில்லிமீட்டருக்கு மேல் பெய்யும். அதில் கால்பங்கு குறைந்தாலும் குடை இல்லாமல் பசாருக்குப் போக முடியாது.

சரி, அப்படியானால் எதற்குக் கவலை என்று கேட்பீர்கள். கவலை ஜனவரியில் இருக்கிறது. கிழக்குக் கரையில் கிளந்தானும் திரங்கானுவும் வெள்ளத்தில் தத்தளிக்கும் வடகிழக்குப் பருவமழை நேரத்தில், நடுவில் திதிவங்சா மலைத்தொடர் நிற்பதால் நமக்கு வருவது காய்ந்த காற்று. ஜனவரியிலும் பிப்ரவரியிலும் இங்கே சராசரி மழை மாதத்துக்கு 100 மில்லிமீட்டரைக்கூடத் தொடுவதில்லை. தைப்பூசத்தன்று தண்ணீர்மலைக்கு வெறுங்காலோடு நடந்தவர்களுக்கு அந்த வெயிலை நான் விளக்க வேண்டியதில்லை. வழி நெடுகப் பந்தல் போட்டு மோரும் தண்ணீரும் கொடுக்கிறோமே, அந்தத் தண்ணீர் செப்டம்பர், அக்டோபரில் பெய்து அணையில் தேங்கியதாக இருந்தால்தான் நிம்மதி. இப்போது இரண்டு மாதம் பொய்த்தால் அதன் வலி தைப்பூசத்தில்தான் தெரியும்.

இன்னொன்று. நம் குழாயில் வருவதில் சுமார் 80 விழுக்காடு சுங்கை மூடா ஆற்றுத் தண்ணீர். அந்த ஆறு பக்கத்து மாநிலமான கெடாவில், உலு மூடா காட்டில் பிறக்கிறது. ஆகவே ஜார்ஜ்டவுனில் சாக்கடை நிரம்பி ஓடும் அளவுக்குப் பெய்தாலும் அங்கே பெய்யாவிட்டால் ஆபத்துதான். ‘பினாங்கில் மழை வருமா’ என்று நாம் கேட்கும்போதெல்லாம் ‘கெடாவில் பாலிங், சிக் பக்கம் மழை வருமா’ என்றும் சேர்த்துக் கேட்க வேண்டும். உங்கள் செய்தியில் கெடா என்ற பெயரே இல்லை.

என் வேண்டுகோள் பெரிது அல்ல. தங்க விலை போடும் பெட்டிக்குப் பக்கத்தில், வாரம் ஒருமுறை, ஆயர் ஈத்தாம், தெலுக் பகாங், மெங்குவாங் மூன்று அணைகளிலும் எத்தனை விழுக்காடு தண்ணீர் இருக்கிறது என்று போடுங்கள். மலேசிய வானிலை ஆய்வுத் துறையின் கணிப்பை வடக்கு மாநிலங்களுக்குத் தனியாகப் பிரித்து, நல்ல தமிழில், எத்தனை விழுக்காடு வாய்ப்பு என்பதையும் விடாமல் போடுங்கள். வெப்ப எச்சரிக்கை வந்தால் அது எந்த நிலை என்றும் சொல்லுங்கள், 35 முதல் 37 டிகிரி வரை மூன்று நாள் தொடர்ந்தால் வருகிற முதல் நிலைக்கும் 37ஐத் தாண்டுகிற வெப்ப அலைக்கும் நிறைய வித்தியாசம் இருக்கிறது. என் அம்மாவுக்கு எண்பத்திரண்டு வயது, அவருக்குத் தமிழ் மட்டும்தான் படிக்கத் தெரியும், காலையில் பசியாறிவிட்டு உங்கள் பத்திரிகையைத்தான் கையில் எடுக்கிறார். இன்றைக்கு வெளியே போகலாமா என்று அதைப் பார்த்துத்தான் அவர் முடிவு செய்ய வேண்டும்.

ஞாயிறுதோறும் காலையில் நான் ஆயர் ஈத்தாம் அணையைச் சுற்றி நடப்பது வழக்கம். 1962இல் கட்டியது. தண்ணீர் நிறைந்திருக்கும்போது கரையோரப் புல் நனைந்தபடி இருக்கும். போன ஞாயிறு புல்லுக்குக் கீழே சிவப்பு மண் பட்டை ஒன்று சுற்றிலும் தெரிந்தது, என் இடுப்பு உயரத்துக்கு இருக்கும், மேல்பகுதி காய்ந்து வெடித்திருந்தது, கீழ்ப்பகுதி இன்னும் ஈரம். உங்கள் நிருபர் யாராவது கேமராவோடு வந்தால் ஏழு மணிக்கு அடிவாரத்தில் நிற்கிறேன், கூட்டிக்கொண்டு போய்க் காட்டுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
ஆயர் ஈத்தாம், பினாங்கு.