கம்பத்திலிருந்து மாப்ளைக்கு

கம்பம்
ஞாயிறு இரவு

அன்பு மாப்ளே,

இங்கே எல்லாரும் நலம். நீயும் நலமாகத்தான் இருப்பாய், உன் ஸ்டேட்டஸில் வாரம் தவறாமல் பிரியாணி வருகிறது. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. பெரியவர் இன்னும் அதே சைக்கிள், அதே கோர்ட்டு கேஸ். போனில் சொன்னால் நடுவில் சிரித்துவிடுவாய், அதனால்தான் எழுதுகிறேன்.

நம் டிரஸ்ட் நடத்தும் மாலை வகுப்புக்கு நோட்டுப் புத்தகம் கொடுக்க ஒரு நிறுவனத்துக்காரர்கள் வந்தார்கள். பெயர் வேண்டாம். ஐந்தாம் வகுப்புப் பிள்ளை ஒன்றை ஜன்னலோரம் நிறுத்தி, "சிரிக்காதம்மா" என்று சொல்லிச் சொல்லிப் படம் எடுத்தார்கள். "போடுவதற்கு முன்னால் எங்களுக்குக் காட்டுங்கள்" என்றேன். தலையாட்டினார்கள். காட்டவில்லை. இன்ஸ்டாவில் பிள்ளையின் பெயர், ஊர், கீழே ஆங்கிலத்தில் ஒரு வேளைச் சோற்றுக்கு ஏங்கும் சிறுமி என்று ஒரு கதை. வரிசையாகக் கண்ணீர் எமோஜி.

அவள் அம்மா வண்டன்மேட்டுப் பக்கம் ஏலத்தோட்டத்தில் காய் எடுக்கிறார். விடியுமுன் ஜீப்பில் கம்பம்மெட்டு ஏறினால் பொழுது சாயத்தான் இறங்குவார். ஜீப்பில் யாரோ போனை நீட்டி, எழுதியிருப்பதையும் படித்துச் சொல்லியிருக்கிறார்கள். தூக்குவாளியோடு நேரே வகுப்பு வாசலுக்கு வந்துவிட்டார். சத்தம் போடவில்லை. "எம்புள்ளைக்கு நான் சோறு போடலையா சார்?" அவ்வளவுதான் கேட்டார். எனக்கு வாயே வரவில்லை மாப்ளே. பையன்கள் அவளைப் 'பட்டினி' என்று கூப்பிடுகிறார்கள். இப்போது வகுப்புக்கு வருவதில்லை.

நீ என்ன சொல்வாய் என்று தெரியும். முகம் இல்லாமல் போட்டால் எவன் காசு கொடுப்பான் என்பாய். உன் பிழைப்பே அதுதானே! நிறுவனத்துக்காரரும் அதைத்தான் சொன்னார், அதோடு சம்மதக் கடிதம் இருக்கிறது என்று ஒரு தாளை நீட்டினார். நோட்டு வாங்க வரிசையில் நிற்கும் தாயிடம் ஆங்கிலத் தாளில் கைநாட்டு வாங்கினால் அதற்குப் பெயர் சம்மதமா? மாட்டேன் என்றால் நோட்டு கிடைக்காதோ என்ற பயத்தில் வைத்த கைநாட்டு அது. படத்தைக் காட்ட வேண்டும், கீழே போடும் வரியைத் தமிழில் வாசித்துச் சொல்ல வேண்டும், நாளைக்கு வேண்டாம் என்றால் எடுத்துவிட வேண்டும். 2023-இல் வந்த தரவுப் பாதுகாப்புச் சட்டம்கூட 18 வயதுக்குக் கீழே என்றால் பெற்றோரைக் கேள் என்கிறது. சிறார் நீதிச் சட்டம் இன்னும் கடுமை. 2015-ஆம் வருஷத்துச் சட்டம், 74-ஆவது பிரிவு. விசாரணையில் இருக்கும் பிள்ளையின் பெயர், பள்ளி, படம் எது வெளியானாலும் ஆறு மாதம் வரை சிறை, அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், இரண்டும் சேர்ந்தும் வரலாம். நம் பிள்ளை அந்தக் கணக்கில் வராது, சரி. ஆனால் இதே ஆட்கள் நாளைக்கு ஒரு குழந்தைத் திருமணத்தை நிறுத்தினோம் என்று பெருமையாகப் படம் போடுவார்கள், பார். அந்தப் பிள்ளை இந்தக் கணக்கில் வரும்.

இதற்கு நடுவில் ஒரு நல்ல சேதி. தாய்மார் வாட்ஸ்அப் குழுவில் டீச்சர் இரவு எட்டு மணிக்கு மேல் ஒரு குரல் பதிவு போடுகிறார். இன்று என்ன பாடம், யார் வரவில்லை, நாளைக்கு என்ன கொண்டுவர வேண்டும், ஒரு நிமிஷத்துக்குள். படிக்கத் தெரியாதவர்களும் சோறு வடித்துக்கொண்டே கேட்கிறார்கள், கேட்டுவிட்டு அவர்களும் பேசி அனுப்புகிறார்கள்! அதில் ஒருவர் அனுமதியோடு, பெயர் சொல்லாமல், நன்கொடையாளர் சிலருக்கு ஒரு பதிவை அனுப்பினோம். மகன் முதல்முறையாகத் தனக்குக் கூலிக் கணக்குப் போட்டுக் காட்டியதை அந்தம்மா சொல்கிறார், பின்னால் குக்கர் விசில். முகமே இல்லை. கேட்டவர்களில் ஒருவர் வகுப்பின் ஒரு வருஷத்து வாடகையை ஏற்றுக்கொண்டார். அழுகிற படத்துக்கு ஒருதரம் காசு வரும் மாப்ளே, இவர் மாதாமாதம் போன் போட்டுப் பையன் எப்படி இருக்கிறான் என்று கேட்கிறார்.

குழுவில் ஃபார்வர்டு மட்டும் கூடாது. 2018 வெள்ளத்தில் முல்லைப் பெரியாறு உடைந்ததாகச் சுற்றிய வதந்தி ஞாபகம் இருக்கிறதா? நம்ம டப்பாப் பயல் அன்று ஊரைவிட்டு ஓட மூட்டை கட்டியதும்?

இப்போது உனக்கு வேலை. நம் முகநூல் பக்கத்துக்கு ஒரே அட்மின், அந்தப் பையன் துபாய் கிளம்புகிறான். டிரஸ்ட்டில் இருவரை அட்மின் ஆக்கி, இரண்டடுக்குச் சரிபார்ப்பும் போட்டுக் கொடு. அப்புறம் தமிழில் ஒரு சம்மதப் படிவம், ஒரு பக்கம் தாண்டக் கூடாது, 'மாட்டேன்' என்ற கட்டம் முதலில் இருக்க வேண்டும். நிறுவனத்துக்கு நான் எழுதிய கடிதத்தையும் இதோடு வைத்திருக்கிறேன். படத்தை நீக்கிவிட்டார்கள், வருத்தம் என்று ஒரு வரி இன்னும் வரவில்லை. கோபம் தெரியும் இடங்களை மட்டும் திருத்து, நியாயத்தில் கை வைக்காதே.

நீ சொன்ன நன்கொடையையும் மறந்துவிடாதே. ரொக்கமாக 2000 ரூபாய்க்கு மேல் கொடுத்தால் நன்கொடைக்கான வருமான வரி விலக்கு கிடைக்காது, வங்கியில் போடு.

உன்
மாப்ளே