பூரணிக்கு முதுகு வலி, காரணம் நான்

அடியே மைதி,

நீ திட்டுறதுக்கு முன்னாடி நானே என்னைத் திட்டிக்கிறேன். மார்ச்ல உனக்கு முட்டி ஆபரேஷன், இப்போ ஆகஸ்ட். நடுவுல நான் அனுப்பினது ரெண்டு குட் மார்னிங் ஃபார்வர்டும் ஒரு கட்டைவிரலும்தான். போன வாரம் நம்ம லட்டு பேசுறப்போ, "அவ உன்னைப் பத்தி ஒண்ணுமே சொல்றதில்லடி"ன்னா. அப்பதான் சுருக்குன்னுச்சு. நீ திட்டினா கோவம் இல்ல, திட்டாம இருந்தாதான் கோவம்னு பச்சைத் தாவணி விஷயத்துலயே பாத்தவ நான். போன் பண்ணா கட் பண்ணிடுவன்னுதான் எழுதுறேன்.

இங்க எல்லாரும் நல்லா இருக்காங்க. பையன் பத்தாவது, படிக்கிறதா சொல்றான். அம்மாவுக்கு சுகர் கன்ட்ரோல்ல இருக்குன்னு அம்மா சொல்றாங்க, ரிப்போர்ட் வேற சொல்லுது. அவர் எப்பவும் போல. பேங்க்ல ஆளைக் குறைச்சு வேலைய மட்டும் அப்படியே வெச்சிருக்காங்க.

சரி, விஷயத்துக்கு வரேன். பூரணிக்கு முதுகு வலி. சிரிக்காத. குதிரைக்கு முதுகு வலியான்னு அவரும் அப்படித்தான் சிரிச்சாரு, நான் பேசின பேச்சுல அப்புறம் ரெண்டு நாள் அவர் காபியை அவரே போட்டுக்கிட்டாரு.

ஒரு மாசமாவே அவ சரியில்லடி. சேணத்தோட வார இறுக்கப் போனா காதைப் பின்னாடி மடக்கிட்டு பல்லைக் காட்டுவா. வலது பக்கம் வட்டம் போடச் சொன்னா தலையத் தூக்கிட்டு முரண்டு பிடிப்பா. எனக்கு ஒரே எரிச்சல். ரேஸ்ல ஓடி ரிட்டயர் ஆகி வந்தவ இல்லையா, பழைய திமிரு இன்னும் போகலன்னு நெனச்சு காலால அழுத்தி அழுத்தி வேலை வாங்கினேன். லாயத்துல குதிரைங்களைப் பாத்துக்கிற எங்க சைஸ் அண்ணன்தான் ஒருநாள் சேணத்துக்கு அடியில போடுற வெள்ளை பேடை எடுத்து வெயில்ல விரிச்சுக் காட்டினாரு. இடது பக்கம் வேர்வையும் அழுக்கும் ஒரே சீரா படிஞ்சிருக்கு. வலது பக்கம் பின்னாடி மட்டும் உள்ளங்கை அளவுக்கு ஒரு இடம் காஞ்சு கெடக்கு, சுத்தி ஈரம், நடுவுல மட்டும் உலர்ந்த திட்டு. அந்த இடத்துல ரொம்ப அழுத்தம் விழுந்தா வேர்வையே கசியாதாம். "மேடம், சேணம் நேராதான் இருக்கு, நீங்கதான் நேரா இல்ல"ன்னாரு. அவர் பள்ளிக்கூடம் போனது மூணாவது வரைக்கும்தான். எட்டு வருஷமா என் கோச் சொல்லாததை அவர் ஒரு துணியப் பாத்து சொல்லிட்டாரு.

அப்புறம் டாக்டர் வந்தாரு. ரெண்டு விரலால முதுகெலும்புக்கு ரெண்டு பக்கமும் முன்னாடியிருந்து பின்னாடி வரைக்கும் அழுத்திக்கிட்டே போனாரு. இடது பக்கம் பேசாம நின்னா. வலது பக்கம் அந்தத் திட்டு இருந்த இடத்துல விரல் பட்டதும் முதுகை அப்படியே கீழ தாழ்த்திக்கிட்டாடி, யாரோ கொதிக்கிற தோசைக்கல்லை வெச்ச மாதிரி. எனக்குக் கண்ணுல தண்ணி வந்துடுச்சு. மூணு வாரம் யாரும் மேல ஏறக் கூடாது, கையில பிடிச்சு நடக்க வெக்கலாம், அவ்வளவுதான்னுட்டாரு. அதான் எனக்குக் காலைல நேரம் கெடச்சு உக்காந்து எழுதுறேன்.

அதோட விட்டாங்களா? கோச் வேற ஒரு குதிரைல என்னை ஏத்தி பின்னாடி நின்னு வீடியோ எடுத்தாரு. பாத்தா நான், கேஸ் வண்டில கடைசி வரிசைல கயிறு கட்டாம நிக்கிற சிலிண்டர் மாதிரி, வலது பக்கம் சாஞ்சு போறேன். வலது தோள் கீழ, இடது குதிகால் மேல. எட்டு வருஷம் இப்படியே. வீட்டுக்கு வந்து எதிர் வீட்டு எடை மிஷினையும் கடன் வாங்கி, ரெண்டு மிஷினைப் பக்கத்துல பக்கத்துல வெச்சு, ஒரு காலுக்கு ஒண்ணா ஏறி கண்ணை மூடிட்டு நின்னேன். பையனைப் படிக்கச் சொன்னேன். வலது 35, இடது 28. பேங்க்காரி இல்லையா, மிஷின்ல கோளாறோன்னு இடம் மாத்தி வெச்சும் பாத்தேன். அதேதான். 7 கிலோ வித்தியாசம்டி! ஹேண்ட்பேக் எந்தத் தோள்ல மாட்டுறேன், வலது. ஆபீஸ் சேர்ல எந்த இடுப்புல சாஞ்சு உக்காருறேன், வலது. பையனை இடுப்புல தூக்கி வெச்சுக்கிட்டே தோசை ஊத்தின அந்த மூணு வருஷம்? அதுவும் வலதுதான்.

இதுல எனக்கு உறைச்சது வேற. யாராவது "என்ன எக்சர்சைஸ் பண்றே"ன்னு கேட்டா, "நான் ஹார்ஸ் ரைடிங் போறேனே"ன்னு தலைய நிமித்திச் சொல்லுவேன் பாரு, உங்கிட்டயே எத்தனை தடவை அலட்டியிருப்பேன், அது பாதிதான் உண்மை. மூச்சு வாங்குற கணக்குல பாத்தா தப்பில்ல. சும்மா உக்காந்திருக்கிறது 1னு வெச்சா, குதிரை நடக்குறப்போ மேல இருக்கிறவளுக்கு 3.8, துள்ளித் துள்ளிப் போற டிராட்ல 5.8, அதைவிட வேகமா பாய்ஞ்சு போற கேண்டர்ல 7.3ன்னு ஒரு அட்டவணை இருக்கு. வாரம் நாலு நாள் முக்கால் மணி நேரம்னா உலக சுகாதார நிறுவனம் சொல்ற 150 நிமிஷம் வந்துடுது. ஆனா அவங்களே அதுக்குக் கீழ இன்னொரு வரி எழுதியிருக்காங்கள்ல, வாரத்துல 2 நாளாவது தசைக்கு வலு சேர்க்கிற பயிற்சின்னு, அந்த வரிதான் நான் படிக்காத வரி. அதுவும் இல்லாம, கோணலா உக்காந்து எத்தனை வருஷம் ஓட்டினாலும் கோணல்தான்டி கெட்டிப்படும். பலமா இருக்கிற பக்கமே எல்லா வேலையும் இழுத்துப் போட்டு செஞ்சுக்குது, நம்ம வீட்டு மூத்த மருமக மாதிரி.

வேடிக்கை என்னன்னா பூரணிக்கு எல்லாம் முறையா நடக்குது. ஆறு வாரத்துக்கு ஒரு தடவை லாடம், வருஷம் ஒரு தடவை பல்லு ராவுறது, ஓடுறதுக்கு முன்னாடி பத்து நிமிஷம் நடை, ஓடி முடிச்சு பத்து நிமிஷம் நடை, வெயில் நாள்ல தண்ணில உப்பு. எனக்கு? நாலரைக்கு எழுந்து, வண்டிய எடுத்துக்கிட்டு ஈசிஆர்ல அடிச்சுப் பிடிச்சுப் போயி, ஆறு மணிக்கு கை காலைக்கூட நீட்டாம நேரா மேல ஏறி, ஏழே முக்காலுக்கு வீடு, நின்னுக்கிட்டே ரெண்டு இட்லி, அப்புறம் பத்து மணியிலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் சேர்ல மடிஞ்சு கெடந்து, வர்ற வழியில பஜ்ஜி. இளைச்சவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்கு கொள்ளுன்னு சும்மாவா சொன்னாங்க. ஆனா அங்க கொள்ளைத் தின்னுட்டு சிக்குன்னு இருக்கிறவ அவ. அத்தை வெக்கிற கொள்ளு ரசத்தைக்கூட நான் மூக்கைப் பிடிச்சுக்கிட்டுதான் குடிப்பேன்.

2023ல ஹாங்ஜோ ஏஷியன் கேம்ஸ்ல நம்மாளுங்க குதிரைய சொன்னபடி அழகா அசைய வெக்கிற டிரெஸாஜ் போட்டில டீமா தங்கம் வாங்கினாங்களே, நான் உனக்கு ராத்திரி பதினோரு மணிக்கு போன் போட்டு கத்தினேனே, நீ "யாரு செத்தா"ன்னு கேட்டியே, ஞாபகம் இருக்கா? 1982 டெல்லிக்கு அப்புறம் குதிரைல வந்த தங்கம் அதுதான், 41 வருஷம். அந்த வீடியோவ இப்போ மறுபடி போட்டுப் பாத்தேன். பையன் பக்கத்துல உக்காந்து, "குதிரைதான் டான்ஸ் ஆடுது, அவங்க சும்மாதானே உக்காந்திருக்காங்க"ன்னான். அந்த சும்மா இருக்கே, அதுதான்டி வேலையே. அவ்வளவு குலுக்குற டிராட்ல எழுந்து உக்காராம ஒட்டினாப்ல உக்காரணும்னா, வயிறு, இடுப்பு, முதுகு மூணும் ஒரு நொடி விடாம இழுத்துப் பிடிச்சு, விட்டு, இழுத்துப் பிடிச்சு, விட்டு, வெளில ஒண்ணுமே தெரியாம வேலை செய்யணும். எனக்கு பத்து நிமிஷத்துல வயிறு தளர்ந்துடும். தளர்ந்ததும் கை தானா கடிவாளத்தைப் பிடிச்சுத் தொங்கும். என் வயித்துல தெம்பு இல்லாததுக்கு அவ வாய் வலிக்கும்.

சரி, என்ன பண்றேன்னு கேப்ப. ஜிம்முக்கு மூணு மாசம் பணம் கட்டி நாலு நாள் போன கதை உனக்குத் தெரியும், அதனால அந்தப் பேச்சு வேண்டாம். நம்ம வயசுல, நம்ம வீட்டுல, தனியா ஒரு மணி நேரம்கிறது குதிரைக்கொம்பு. (வேணும்னுதான் சொன்னேன், சிரிச்சுக்கோ.) அதனால இருக்கிற வேலைக்கு நடுவுல சொருகியிருக்கேன். பல்லு வெளக்குறப்போ இடது கால்ல மட்டும் நிக்கிறது, மொதல் நாள் வாஷ்பேசினைப் பிடிச்சுக்கிட்டு பாதி பேஸ்ட்டை முழுங்கிட்டேன். பேங்க் மாடிப்படில கடைசிப் படில முன்பாதத்தை வெச்சு குதிகாலைக் கீழ தொங்கவிட்டு நிக்கிறது. ரைடிங்ல "ஹீல் டவுன், ஹீல் டவுன்"னு கோச் கத்துறதுக்கு மருந்து அதுதானாம், கணுக்காலே மடங்காதவ எப்படி குதிகாலை இறக்குவா? கேஷியர் பொண்ணு பாத்துட்டு "மேடம் கீழ குதிக்கப் போறீங்களா"ன்னு பயந்துட்டா.

செவ்வாய், வியாழன், ஞாயிறு மட்டும் இருபது நிமிஷம் பாய் விரிச்சுப் படுக்கிறேன். மல்லாக்கப் படுத்து, கையும் காலும் மேல தூக்கி, எதிரும் புதிருமா ஒரு கையும் ஒரு காலும் மெதுவா இறக்குறது, முதுகு தரைய விட்டு எழும்பக் கூடாது. செத்த கரப்பான் மாதிரி இருக்கேன்னு பையன் போட்டோ எடுத்து குடும்ப குரூப்ல போட்டுட்டான், அத்தை அதுக்குப் பூ போட்டிருக்காங்க. அப்புறம் பக்கவாட்டுல பிளாங்க், அதாவது ஒரு முழங்கையை ஊனி உடம்பைப் பலகை மாதிரி நேரா தூக்கிப் பிடிக்கிறது: வலது பக்கம் 40 வினாடி நிக்குது, இடது பக்கம் 12வது வினாடியே நடுங்குது. அப்புறம் ஒத்தக் காலு முன்ன, ஒத்தக் காலு பின்ன முட்டி போட்டு இடுப்பை முன்னாடி தள்ளுறது. நாள் முழுக்க சேர்ல இருந்து தொடைக்கு மேல மடிஞ்சு போன நரம்பெல்லாம் "இத்தனை நாள் எங்கடி இருந்தே"ன்னு கேக்குது.

இதுல எனக்குப் பிடிச்சது பக்கெட். மூணு வாரம் ஏறக் கூடாதுன்னாலும் வாரம் நாலு நாள் லாயத்துக்குப் போயிடுறேன். வெயில் காலத்துல ஒரு குதிரை நாளைக்கு 30, 40 லிட்டர் தண்ணி குடிக்கும். ரெண்டு கையிலும் ரெண்டு பக்கெட், தோள் சமமா, தளும்பாம குழாயடியிலிருந்து கொட்டடி வரைக்கும் நடக்கணும். எந்தப் பக்கம் தளும்புதோ அந்தப் பக்கம் சாயுறேன்னு அர்த்தம். கண்ணாடியே வேண்டாம், செருப்பு நனைஞ்சாத் தெரிஞ்சுடும். சைஸ் அண்ணனுக்கு நான் தண்ணி தூக்குறது பிடிக்கல, மொதல் நாள் பிடுங்கப் பாத்தாரு. இப்போ "மேடம் இன்னும் ரெண்டு நடை இருக்கு"ன்னு ஏவுறாரு.

இப்போ சொல்ல வந்ததைச் சொல்றேன். அஞ்சு பக்கம் சுத்தி வளைச்சதே இதுக்குத்தான்.

அன்னிக்கு ராத்திரி தூக்கம் வரல. ஒரு மாசமா அவ வலிக்குதுன்னு காதால சொன்னா, பல்லால சொன்னா, கழுத்தால சொன்னா, நான் திமிருன்னு நெனச்சேன். அதை நெனச்சுக்கிட்டே படுத்திருந்தவளுக்கு பழனி ஞாபகம் வந்துச்சு. 2022ல நாம மூணு பேரும் போனோமே. நீ அடிவாரத்துலயே நின்னுட்டு விஞ்ச்ல வரேன்னே. நான் லட்டு முன்னாடி, பின்னாடி வந்துக்கிட்டிருந்தவங்க காதுலயும் விழுற மாதிரி, "693 படி ஏற முடியாதா, வெயிட்டக் குறைடி, சோம்பேறி"ன்னேன். நீ சிரிச்சே. அந்த சிரிப்பு இப்பதான்டி எனக்குப் புரியுது. அதுக்கப்புறம் ஒன்றரை வருஷம் நீ நொண்டி நொண்டி நடந்தே, ஒவ்வொரு தடவை பாக்குறப்பவும் நான் டயட் சார்ட் அனுப்பினேன். ஆபரேஷன்னு சொன்னப்போ எனக்கு உன் முகத்தைப் பாக்கக் கூச்சம். வேலை இருந்துச்சு, பரீட்சை இருந்துச்சுன்னு சொன்னதெல்லாம் பொய். கூச்சத்துலதான் வரல.

மன்னிச்சுடுன்னு எழுதினா நீ "போடி நாடகக்காரி"ம்ப. அதனால எழுதல. நீயே எழுதினதா வெச்சுக்கோ.

ஞாயித்துக்கிழமை டாக்டர் மறுபடி பாக்குறாரு. சரின்னா திங்கள்லேர்ந்து பதினஞ்சு நிமிஷம் வெறும் நடை, அதுவும் கீழேர்ந்து தொங்கி ஏறக் கூடாது, படிக்கட்டுப் பெட்டி போட்டுதான் ஏறணும்னு கோச் சொல்லிட்டாரு. எப்பவும் இடது பக்கமே தொங்கி ஏறினதுல அந்தப் பக்கம் கால் வெக்கிற அங்கவடியோட வார் வேற ரெண்டு ஓட்டை அளவு நீண்டு போயிருக்கு, அதையும் இப்பதான் கவனிச்சோம். மாத்தியாச்சு.

உனக்கு பிசியோ ஒரு ரப்பர் பேண்ட் குடுத்து காலை விரிக்கச் சொன்னாங்கன்னு லட்டு சொன்னா. அது என்ன கலரு, எத்தனை தடவை செய்யச் சொன்னாங்க, அந்தத் தாளை போட்டோ எடுத்து அனுப்பு. செப்டம்பர் ரெண்டாவது சனிக்கிழமை நான் திருச்சி வரேன், லீவு போட்டாச்சு. உன் வீட்டுக்குத்தான், அண்ணி வீட்டுக்கு இல்ல. நீ கதவைத் திறக்கலன்னா வாசல்லயே பாய் விரிச்சு கரப்பான் போஸ்ல படுத்துடுவேன், தெருவே பாக்கும்.

எதிர் வீட்டு மிஷினை இன்னும் திருப்பிக் குடுக்கல. இன்னிக்குக் காலைல ஏறிப் பாத்தேன். 34, 29.

உன்,
வனஜா

லட்டுகிட்ட பழனி விஷயம் எழுதினேன்னு சொல்லாத. அவளும் அன்னிக்கு சிரிச்சா, அவ தனியா எழுதட்டும்.