கலையரங்கில் நிலைமேடை வேண்டாம்

ஆசிரியருக்கு,

நகராட்சிக் கலையரங்கம் பற்றிய தங்கள் செய்தியில், உயர்ந்த நிலைமேடையும் தரையோடு பொருத்திய நாற்காலிகளும் அமையும் என்றிருந்தது. மூன்று புறமும் மக்கள் சூழ்ந்து அமரும் தெருக்கூத்துக்கு இது பொருந்தாது. சமதளக் கூடம், உயரம் மாற்றத்தக்க மேடைப் பலகைகள், சுவரோரம் மடங்கி ஒதுங்கும் இருக்கைகள் போதும்.

ஒலிதான் பெரும் சிக்கல். வசனம் தெளிவாகக் கேட்க எதிர்முழக்கம், அதாவது ஒலி நின்ற பின்னும் கூடத்தில் நீடிக்கும் முழக்கம், ஏறக்குறைய 1 விநாடிக்குள் அடங்க வேண்டும். மைக் இல்லாக் கச்சேரிக்குச் சற்றுக் கூடுதலாக வேண்டும். சுவரெங்கும் ஓடு பதித்த மண்டபங்களில் மிருதங்க ஒலி குழம்பி, பாடலின் சொற்கள் கரைவதைக் கேட்டிருக்கிறேன். ஒலிபெருக்கியைக் கூட்டினால் குழப்பமே கூடும். சுவரிலிருந்து இடைவெளி விட்டுத் தொங்கும், இழுத்து மூடத்தக்க கனத்த திரைகள் வசனம், கச்சேரி இரண்டுக்கும் உதவும். ஒப்பந்தப்புள்ளி கோருமுன் கூத்து, நாடக, இசைக் கலைஞர்களிடம் வரைபடத்தைக் காட்டிக் கருத்துக் கேட்குமாறு நகராட்சியை வேண்டுகிறேன்.