குகன், முற்றத்தை மூடாதே

அன்புள்ள குகன்,

கோண்டாவில் வீட்டை உணவகமாக்கப் போகிறாய் என்று அத்தை போனில் சொன்னா. சந்தோஷம். பூட்டிக் கிடந்து கறையான் தின்பதைவிட நாலு பேர் வந்து சாப்பிட்டுப் போகட்டும். ஆனால் முற்றத்துக்கு மேலே கண்ணாடிக் கூரை போட்டால் கூடுதலாக மேசை போடலாம் என்று கொந்துராத்துக்காரர் சொல்ல, நீயும் தலையாட்டினாயாமே?

காசைக் கொடுக்க முதல் கொழும்புக்கு வந்து அல்பிரட் ஹவுஸ் வீதியில் உள்ள கேலரி கஃபேயை ஒருதரம் பார். 1960களின் தொடக்கத்தில் ஒரு டொக்டருக்காகக் கட்டடக்கலைஞர் ஜெஃப்ரி பாவா வரைந்த வீடு அது. டொக்டர் குடிவரவேயில்லை. பாவா அதைத் தன் அலுவலகமாக்கிக்கொண்டார். 1982இல் திறந்த கோட்டே பாராளுமன்றத்தை வடிவமைத்த நிறுவனம் அங்கேதான் இருந்தது. பாவாவின் பங்காளியாக இருந்த பொறியியலாளர் பூலோகசுந்தரம் நம்மவர். (அந்த வட்டாரத்துக்கே விருந்து ராசி போல. 1870இல் சார்ள்ஸ் டி சொய்சா இளவரசர் அல்பிரட்டுக்குப் பெருவிருந்து வைத்த மாளிகைதான் வீதிக்குப் பெயர் கொடுத்தது.) 1998இல் பாரடைஸ் ரோட் கடைகளை நடத்தும் உதயசாந்த் பெர்னாண்டோ அந்த இடத்தை ஓவியக்கூடமும் உணவகமுமாகத் திறந்தார்.

வீதியில் நின்று பார்த்தால் பெரிதாக ஒன்றும் தெரியாது. உள்ளே போனால் ஒரு முற்றம், பெரிய சாடிகள். அதைத் தாண்டினால் இன்னொன்று. கருங்கல் அடியில் நிறுத்திய, இழைத்து மினுக்கிய தென்னங்குற்றிகள்தான் தூண்கள். சாப்பாட்டு மேசைகள் எல்லாவற்றுக்கும் பின்னால், வானம் பார்த்த முற்றத்தைச் சுற்றிய தாழ்வாரத்தில். வெயிலிலிருந்து வருகிறவனுக்கு அந்த நடையிலேயே பாதிக் களைப்பு போய்விடும். கறுத்தப் பன்றிக்கறிக்குப் பேர்போன இடம்தான், என்றாலும் ஆட்கள் அங்கே காசு கொடுப்பது அந்த நடைக்கும் சேர்த்துத்தான் என்று நினைக்கிறேன்.

பாவா அந்த வீட்டை அந்தரத்திலிருந்து கண்டுபிடிக்கவில்லை. முற்றம், தாழ்வாரம், ஓட்டுக்கூரை எல்லாம் இந்தத் தீவின் பழைய வீடுகளில் இருந்தவைதான். நடுமுற்றத்தைச் சுற்றிக் கட்டிய நமது நாற்சார் வீட்டிலும் அதே கணக்குத்தான்: அடுப்படிச் சூடும் ஆட்களின் சூடும் முற்றத்தால் மேலே போகும், தாழ்வாரம் குளிர்ந்து கிடக்கும். கண்ணாடி போட்டாயோ, பங்குனி வெயிலில் ஏசி போட்டே உன் லாபம் கரையும். மழைத்தண்ணீர் வேறு பீலிக்குப் போகாமல் பொருத்துகளால் ஒழுகும்.

மேசை குறைந்தால் குறையட்டும். கூடுதல் இடம் வேண்டுமென்றால் பின்வளவில், கிணற்றடிக்கு அங்கால் கிடுகுக் கொட்டில் ஒன்று போடு. நாளைக்கு வேண்டாமென்றால் கழற்றலாம். கழிவறைகளையும் அங்கேயே வை, திண்ணையை இடிக்காதே.

அப்புறம், அடுப்படியை எங்கே வைக்கப்போகிறாய் என்று படம் கீறி அனுப்பு. பழைய புகைக்கூண்டில் கை வைத்தால் அத்தை உன்னைச் சும்மா விடமாட்டா.

அன்புடன்,
அண்ணா