கம்பத்தில் ஒரு வாரம்: கவாத்துக் கணக்குப் பார்த்துக் கிளம்புங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கணவனும் மனைவியுமாகத் திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே ஒரு வாரம் தங்கி ஓய்வெடுக்க மகாராஷ்டிராவின் நாசிக் போகலாம் என்று உங்கள் வார இணைப்பில் கட்டுரை வந்திருந்தது. மதுரைக்காரர்கள் அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை; தேனி மாவட்டத்துக் கம்பத்திலேயே திராட்சைத் தோட்டங்கள் இருக்கின்றன. ஆரப்பாளையத்தில் கம்பம் பஸ் ஏறினால் உசிலம்பட்டி, ஆண்டிபட்டி கணவாய், தேனி தாண்டி மதியச் சாப்பாட்டுக்குள் தோட்டத்துக்குப் போய்விடலாம். ரயில்தான் வசதி என்றால் போடி வண்டியில் தேனியில் இறங்கி பஸ் மாறலாம். ஆனால் நாசிக்கை மனதில் வைத்துக்கொண்டு கம்பம் போகிறவர்கள் ஏமாந்துதான் திரும்புவார்கள். அங்கே பயிர் வேறு, பருவம் வேறு.

நாசிக்கில் ஒயின் ரகங்களுக்கு ஆண்டுக்கு ஒரே அறுவடை, ஜனவரி முதல் மார்ச் வரை. சர்க்கரை 22 முதல் 24 பிரிக்ஸ் (சாற்றில் சர்க்கரை எத்தனை சதவீதம் என்கிற அளவு) ஏறும்வரை பழத்தைக் கொடியிலேயே விடுவார்கள். பிரிக்ஸை 0.55 ஆல் பெருக்கினால் ஒயினில் எத்தனை சதவீதம் ஆல்கஹால் வரும் என்று தோராயமாகத் தெரிந்துவிடும். 22 என்றால் 12. கம்பத்தின் பன்னீர் திராட்சையோ (ரகத்தின் பெயர் மஸ்கட் ஹாம்பர்க், 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது) கையில் வைத்துத் தின்கிற பழம். மெல்லிய தோல், கொட்டை உண்டு, காம்பில் பிடிப்பு குறைவு. 16 பிரிக்ஸில் வெட்டிய பழத்தை அப்படியே புளிக்க வைத்தால் 9 சதவீதத்தோடு நின்றுவிடும். அந்த ஒயின் சீக்கிரமே காடியாகிவிடும். வீட்டு ஒயினில் சர்க்கரையை அள்ளிக் கொட்டுவது இதனால்தான். சட்டப்படி அதற்கும் உரிமம் வேண்டும். ஆகவே தோட்டத்தில் கோப்பை நீட்டுவார்கள் என்று எதிர்பார்க்க வேண்டாம். பக்கத்தில்தானே கேரள எல்லையில் குமுளி என்று அங்கே பாட்டில் வாங்கி, அனுமதியில்லாமல் சோதனைச் சாவடி தாண்டினால் விடுமுறை வழக்கில் முடியும்.

எப்போது போவது? பள்ளி விடுமுறையைப் பார்க்காமல் கவாத்துத் தேதியை, அதாவது கொடியின் கிளைகளைக் கழித்துவிட்ட நாளை, கேளுங்கள். கவாத்து செய்த நாளிலிருந்து ஏறக்குறைய நான்கு மாதத்தில் அறுவடை. டிசம்பர், ஜனவரியில் கவாத்து செய்தால் ஏப்ரல், மே. மே, ஜூனில் கவாத்து செய்தால் ஆகஸ்ட், செப்டம்பர். இரண்டு ஆண்டில் ஐந்து அறுவடை எடுக்கிற ஊர் என்பதால் ஒரு பந்தலில் கறுத்த கொத்து தொங்கும்போது வரப்புக்கு அந்தப் பக்கம் மொட்டைக் கொடி நிற்கும். தங்கப் போகும் விடுதியில் “இப்போது சீசனா?” என்று கேட்டால் எந்த மாதமும் “ஆமாம்” என்றுதான் சொல்வார்கள். “சுருளிப்பட்டிப் பக்கம் இந்த வாரம் பழ வெட்டு நடக்கிறதா?” என்று கேளுங்கள், சரியான பதில் வரும்.

ஐப்பசி, கார்த்திகையைத் தவிர்ப்பது நல்லது. பழுக்கும் நேரத்தில் மழை பிடித்தால் தோல் வெடித்துக் கொத்தே அழுகும், இலையில் அடிச்சாம்பல் நோய் இறங்கும், மருந்தடிப்பும் ஓயாது. கொடியில் நீலம் பூத்தாற்போல் தெரிவது போர்டோ கலவை: ஒரு கிலோ மயில் துத்தம் (காப்பர் சல்பேட்), ஒரு கிலோ சுண்ணாம்பு, 100 லிட்டர் தண்ணீர். பிரான்சின் போர்டோ தோட்டங்களில் இதே நோய்க்காக 1880களில் கண்டுபிடித்தது. ஒயினுக்குப் பேர்போன அந்த ஊருக்கும் கம்பத்துக்கும் நிஜமாகவே இருக்கிற உறவு இந்த வாளித் தண்ணீர்தான்! மருந்தடித்த பந்தலுக்குள் குறைந்தது ஒரு நாளாவது போகக் கூடாது. கொடியிலிருந்து பறித்ததைக் கழுவாமல் வாயில் போடவும் கூடாது.

பெரும்பாலும் பந்தலையே வியாபாரி மொத்தமாகப் பேசி முடித்திருப்பார். தோட்டக்காரர் ஒரு கொத்து தர மறுத்தால் அது கஞ்சத்தனம் இல்லை. வெட்டு நடக்கும் காலையில் போனால் எடைக்கு வாங்கலாம். கொத்து மேலிருந்து கீழாகப் பழுக்கும் என்பதால் நுனியில் இருக்கும் பழத்தைத் தின்று பாருங்கள். அது இனித்தால் முழுக் கொத்தும் இனிக்கும். காம்பு பச்சையாக இருக்க வேண்டும். பழத்தின் மேல் படர்ந்திருக்கும் வெள்ளைப் பொடி மருந்து அல்ல, பழத்தின் சொந்த மெழுகுதான். அதைத் துடைக்காமல் காம்பைப் பிடித்துத் தூக்கி, தட்டையான அட்டைப் பெட்டியில் ஒரே அடுக்காக வைத்துக் கொண்டுவந்தால் மதுரை வரை உதிராது. தின்னும்போது கழுவினால் போதும். முன்கூட்டியே கழுவினால் மறுநாளே பூஞ்சணம்.

மிச்ச நாட்களில் அதிகம் திணிக்காதீர்கள். பென்னிகுக் கட்டி 1895இல் முடித்த பெரியாறு அணைத் தண்ணீர் ஓடும் வாய்க்கால் கரையில் காலை, மாலை நடக்கலாம்; பதினான்காயிரம் ஏக்கருக்கு மேல் இருபோக நெல் விளைகிற பூமி அது. சுருளி அருவிக்கு வார நாளில், வனத்துறை குளிக்க விடுகிறதா என்று விசாரித்துவிட்டுப் போங்கள். மேகமலைக்கு ஒரு நாள் முழுசாக வேண்டும்: 18 கொண்டை ஊசி வளைவு, மழைக்காலத்தில் அட்டைப்பூச்சி, அடிவாரச் சாவடியில் நேரக் கட்டுப்பாடு. ஜனவரி 15 பென்னிகுக் பிறந்தநாள். பொங்கலோடு சேர்ந்து, அவர் மணிமண்டபம் இருக்கும் லோயர்கேம்ப் திருவிழாவாகிவிடும். அமைதி தேடுகிறவர்கள் அந்த வாரத்தை விட்டுவிடலாம்.

இன்று எந்தக் கிராமத்தில் வெட்டு, கிலோ என்ன விலை, எந்தத் தோட்டத்தில் உள்ளே விடுவார்கள் என்று தேனி, கம்பம் பஸ் நிலையங்களில் தினமும் ஒரு பலகை எழுதி வைக்கத் தோட்டக்கலைத் துறைக்குப் பெரிய செலவு ஆகாது. ஆனைமலையான்பட்டியில் திராட்சை ஆராய்ச்சி நிலையமே இருக்கிறது, விவரம் கேட்க வெளியூர் போக வேண்டியதில்லை. காய்கறி விலைப் பட்டியலுக்குக் கீழே உங்கள் பத்திரிகையும் அதை ஒரு வரியாகப் போடலாம்.

— ஒரு வாசகர்,
திருநகர், மதுரை