மிக்-21ம் ஒரு கட்டைவிரலும்

கோத்தகிரி,
6.11.2025

கண்ணு,

நலம்தானே? அம்மாவுக்கு முட்டிவலி பரவாயில்லை. மழைதான் விட்டபாடில்லை. மத்தியானம் மூன்று மணிக்கே மூடுபனி வாசலில் வந்து நிற்கிறது.

செப்டம்பர் 26 அன்று சண்டிகரில் மிக்-21 போர்விமானத்துக்கு விடைகொடுத்ததை டிவியில் பார்த்தாயா? 1963-ல் விமானப்படையில் சேர்ந்தது. நான் பிறந்த வருஷம். மனசு கேட்கவில்லை. பரணில் ஏறி, எட்டாம் வகுப்பில் நீ பாதியில் விட்ட 1:72 அளவு பிளாஸ்டிக் மிக் மாடலை இறக்கிவிட்டேன். அம்மா இன்னும் திட்டிக்கொண்டிருக்கிறாள், ஏணியில் ஏறியதற்கு.

மூக்குக் கூம்பு விட்டுப்போயிருந்தது நல்லதாயிற்று. வால் சாய்ந்து உட்காராமலிருக்க உள்ளே தூண்டில் ஈயக் குண்டு இரண்டு வைத்து ஒட்டினேன். இறக்கை இடுக்கை அடைக்கப் புட்டிப் பசை, தேய்ப்பு, மறுபடி புட்டி. அது கிடக்கட்டும்.

மானம் போனது வார்னிஷில்தான். சாயங்காலம் ஸ்ப்ரே அடித்தேன். காலையில் பார்த்தால் மேலெல்லாம் பால் ஊற்றினாற்போல் வெள்ளை. வார்னிஷில் கலந்த தின்னர் வேகமாக ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்துவிடும்; காற்றிலுள்ள ஈரம் அதில் படிந்து பூக்கும். டீ ஃபேக்டரியில் முப்பது வருஷம் ஈரப்பதம் அளக்கும் ஹைக்ரோமீட்டரும் கையுமாக நின்றவனுக்கு இது தோன்றவில்லை பார்! இரண்டு நாள் கழித்து வெயில் எட்டிப்பார்த்த பதினோரு மணிக்கு, தின்னரை மட்டும் பூப்போல அடித்தேன். வெள்ளை கரைந்துபோயிற்று.

விமானத்தின் மேல் ஒட்டும் சின்னங்கள் உள்ள டீக்கால் தாள் மஞ்சளடித்துக் கிடக்கிறது. ஜன்னல் கண்ணாடியில் வெயில் படும்படி ஒட்டிவைத்தால் வெளுக்கும். இந்த மழையில் வெயிலுக்கு எங்கே போக? தை வரட்டும்.

அப்புறம், விமானியின் கூண்டுக் கண்ணாடி. ஞாபகம் இருக்கிறதா? நீ சூப்பர் குளூ வைத்து ஒட்டி டப்பாவை மூடினாய். மறுநாள் உள்ளே புகைபடிந்திருந்தது. "அழுக்குக் கையோடு தொட்டாயா?" என்று கத்தினேன். நீ மாடலையே தள்ளிவிட்டு எழுந்துபோனாய்.

டப்பாவைத் திறந்ததும் அந்தக் கண்ணாடி தானாகக் கழன்று வந்தது. லென்ஸில் பார்த்தேன். சூப்பர் குளூ ஆவி கைரேகை இருக்கும் இடத்தில்தான் அதிகம் வெள்ளையாகப் பிடிக்கும். போலீஸ்காரர்கள் ரேகை எடுப்பதும் இப்படித்தான். உள்பக்கம் முழுசாக ஒரு கட்டைவிரல், ரேகைக்குக் குறுக்கே சாய்வாக ஒரு வெட்டு. கவாத்துக் கத்தி பட்ட என் வலது கட்டைவிரல், கண்ணு. ஒட்டுவதற்கு முன் பொருத்திப் பார்த்துக் கொடுத்தவன் நான்தானே.

பற்பசை வைத்துத் தேய்த்தால் புகை போய்விடும். ஃபெவிகாலில் ஒட்டினால் மறுபடி படியாது, காய்ந்ததும் தெரியவும் தெரியாது. ஆனால் நீ லென்ஸில் பார்க்கும்வரை தேய்க்கப்போவதில்லை. பொங்கலுக்கு வரும்போது தேய்ப்பதற்கு 1000, 2000 நம்பர் வாட்டர் பேப்பர் இரண்டிரண்டு வாங்கி வா. இங்கே 400க்கு மேல் கிடைக்கவில்லை.

அப்பா