எந்தத் தின்காயனாவில் முடிவு செய்தார்கள்? ஞாயிறு பள்ளி நடத்தும் தம்பிக்கு ஒரு கடிதம்

அன்புள்ள தம்பிக்கு,

ஸ்தோத்திரம். உன் வகுப்புப் பையன் கேட்ட கேள்வியும் நீ சொன்ன பதிலும் என் காதுக்கு வந்தன. கேள்வி நல்ல கேள்வி. பதில் தப்பு.

ரங்கூனில் வளரும் பிள்ளைக்கு அந்தக் கேள்வி வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். கூடப் படிக்கிற பர்மியப் பிள்ளைகளின் வேதம் எப்படிச் சரிபார்க்கப்பட்டது என்பது இந்த நாட்டில் கண்ணால் பார்க்கக்கூடிய விஷயம். மாண்டலேயில் மின்டோன் ராஜா திரிபிடகம் முழுவதையும் 729 சலவைக்கல் பலகைகளில் வெட்டி வைத்தார். இங்கே கபா ஏ பகோடா பக்கம் போனால், 1954 முதல் 1956 வரை ஆறாவது தின்காயனா (வேதத்தைச் சரிபார்க்கப் பிக்குகள் கூடும் பௌத்த மகாசங்கம்) கூடிய குகை மண்டபம் இன்னும் நிற்கிறது. பிக்குகள் உட்கார்ந்து ஓதி, பாடத்தைச் சரிபார்த்த இடம். அதனால்தான் உன் வகுப்புப் பையனிடம் அவனுடைய பர்மியச் சிநேகிதன் கேட்டிருக்கிறான்: "உங்கள் வேதத்தை எந்தத் தின்காயனாவில் முடிவு செய்தார்கள்?" நீ சட்டென்று "நிசேயா, 325" என்று சொல்லிவிட்டாய்.

நிசேயாவில் கூடிய ஆயர்கள் பேசியது, குமாரன் படைக்கப்பட்டவர் என்ற ஆரியுவின் உபதேசத்தைப் பற்றி, ஈஸ்டர் நாளைப் பற்றி, சபை ஒழுங்கைப் பற்றி. அந்தச் சங்கம் வகுத்த 20 விதிகளில் ஒன்றுகூட வேதபுத்தகங்களின் பட்டியல் இல்லை. நிசேயாவில்தான் வேதத்தை முடிவு செய்தார்கள் என்பது சினிமாவும் யூடியூபும் பரப்பிய கதை. நம் கையிலிருக்கும் 27 புத்தகங்களும் கூடாமல் குறையாமல் வருகிற, நமக்குக் கிடைத்த முதல் பட்டியல் 367-ல் அலெக்சாந்திரியாவின் அத்தனாசியு தன் சபைகளுக்கு அனுப்பிய ஈஸ்டர் கடிதத்தில் இருக்கிறது. 393-ல் ஹிப்போவிலும் 397-ல் கார்த்தேஜிலும் வட ஆப்பிரிக்க ஆயர்கள் கூடிப் பட்டியலை ஒப்புக்கொண்டார்கள். ஆனால் இதற்கெல்லாம் ஏறக்குறைய இருநூறு வருஷம் முன்பே, சுமார் 180-ல், இரெனேயு என்ற ஆயர் நான்கு சுவிசேஷங்கள்தான், கூடவும் கூடாது குறையவும் கூடாது என்று அடித்து எழுதியிருக்கிறார். பவுலின் நிருபங்கள் அதற்கும் முன்னமே கட்டாகச் சேர்ந்து சபைகளில் சுற்றிவந்தன. 2 பேதுரு 3:16 அவற்றை "மற்ற வேதவாக்கியங்களோடு" சேர்த்துப் பேசுகிறது.

ஆகவே அந்தப் பையனுக்கு நீ சொல்லவேண்டியது: எங்களுக்கு அப்படி ஒரு தின்காயனா கிடையாது. நகைக்கடையில் உரைகல்லில் உரைத்துப் பார்க்கிறவர் தங்கத்தை உண்டாக்குவதில்லையே, அந்த மாதிரி. சபை உரைத்துப் பார்த்தது. எதை வைத்து உரைத்தது என்பதுதான் விஷயம். உன் பாடம் அங்கிருந்து தொடங்கட்டும்.

பர்மிய வேதாகமத்தில் அப்போஸ்தலனுக்கு என்ன வார்த்தை? தமன்தோ. தமன் என்றால் ராஜா அனுப்பும் தூதுவன். வகுப்பில் பாதிப் பிள்ளைகளுக்குத் தமிழை விட பர்மியம்தான் ஓடும், ஆகவே இதையே பிடித்துக்கொள். தூதுவனுக்குச் சொந்தச் சரக்கு கிடையாது. அனுப்பினவர் சொன்னதைச் சொல்வான். அதை மாற்றினால் அவன் தூதுவனே இல்லை. யூதாசின் இடத்துக்கு ஆள் தேடும்போது பேதுரு வைத்த தகுதியைப் பார் (அப்போஸ்தலர் 1:21, 22): யோவான் ஞானஸ்நானம் கொடுத்த நாள் முதல் இயேசு மேலே எடுத்துக்கொள்ளப்பட்ட நாள் வரை கூடவே இருந்து, உயிர்த்தெழுதலுக்குச் சாட்சியாக நிற்கக்கூடியவன். படிப்பு, பேச்சுத்திறமை, வரங்கள் எதுவும் அந்தப் பட்டியலில் இல்லை. கூட இருந்தானா, கண்டானா என்பதுதான் கேள்வி. பவுல் இதில் சேராதவர். அவருக்கே அது தெரியும். அதனால்தான் 1 கொரிந்தியர் 15-ல், தான் அடைந்ததையே ஒப்புக்கொடுத்தேன் என்று தொடங்கி, கண்டவர்களை வரிசையாகச் சொல்லி, கடைசியில் "அகாலப்பிறவி போன்ற எனக்கும்" என்று தன்னைச் சேர்க்கிறார்.

இன்னொன்று. நம் தமிழ் பழைய மொழிபெயர்ப்பில் 2 கொரிந்தியர் 8:23-ஐயும் பிலிப்பியர் 2:25-ஐயும் திறந்து பார். "சபைகளுடைய ஸ்தானாபதிகள்", "உங்கள் ஸ்தானாபதி" என்று இருக்கும். கிரேக்கத்தில் இரண்டு இடத்திலும் அதே அப்போஸ்தலன் என்கிற வார்த்தைதான். கிறிஸ்து அனுப்பினவர்கள் வேறு, ஒரு சபை காணிக்கையைக் கொடுத்து அனுப்பின ஆள் வேறு என்று பார்த்து, தமிழில் இரண்டு வார்த்தையாகப் பிரித்திருக்கிறார்கள். அருமையான வேலை. இப்போது ஃபேஸ்புக்கிலும் சுவரொட்டியிலும் பெயருக்கு முன்னால் "அப்போஸ்தலர்" போட்டுக்கொண்டு ஆட்கள் வருகிறார்களே, அவர்களிடம் கேட்கவேண்டியது இதுதான்: ஐயா, நீங்கள் இதில் எந்த வகை? ஸ்தானாபதி என்றால் மரியாதையோடு உட்காரவைத்துக் காப்பி கொடுக்கலாம். முதல் வகை என்றால் தகுதி அப்போஸ்தலர் 1-ல் எழுதியிருக்கிறது. ஆதி சபையின் திதகே என்னும் சின்னக் கையேடு இன்னும் கறாராகச் சொல்கிறது: வருகிற அப்போஸ்தலன் மூன்று நாள் தங்கினாலோ பணம் கேட்டாலோ அவன் கள்ளத் தீர்க்கதரிசி. அதே கறாரை இன்றைக்கு வைத்தால் நம் கன்வென்ஷன் பந்தல் பாதி காலியாகும், அது வேறு கதை.

அப்போஸ்தலர் பெயரில் போலி வந்ததா? வந்தது, அவர்கள் உயிரோடு இருக்கும்போதே. தங்களிடமிருந்து வந்ததாகத் தோன்றுகிற நிருபத்தைக் கண்டு கலங்காதீர்கள் என்று 2 தெசலோனிக்கேயர் 2:2 எச்சரிக்கிறது. அதே நிருபத்தின் முடிவில் பவுல் தன் கையெழுத்தைப் போட்டு, "நிருபங்கள்தோறும் இதுவே அடையாளம்" என்கிறார். அதற்குப் பிறகு சபை எப்படி உரைத்தது என்பதற்கு வகுப்பில் சொல்ல ஏற்ற சம்பவம் அந்தியோகியா ஆயர் செராப்பியோன். இரண்டாம் நூற்றாண்டின் கடைசியில் ரோசு என்ற ஊர்ச் சபையில் "பேதுருவின் சுவிசேஷம்" என்ற ஒன்றை வாசித்துச் சண்டை. அவர் புத்தகத்தைப் படிக்காமலே, சண்டைக்குக் காரணம் இது மட்டும்தான் என்றால் வாசிக்கட்டும் என்று அனுமதி கொடுத்துவிட்டார். பிறகு அதன் பின்னால் வேறு உபதேசம் ஒளிந்திருப்பதாகத் தகவல் வந்தது. கிறிஸ்துவுக்கு உண்மையான சரீரம் இல்லை, தோற்றம் மட்டும்தான் என்று சொல்லும் கூட்டத்தாரிடமே ஒரு பிரதியை இரவல் வாங்கி, உட்கார்ந்து வாசித்தார். பெரும்பகுதி சரியான உபதேசம்தான், சில இடங்களில் சேர்க்கை இருக்கிறது என்று கண்டார். திரும்ப எழுதினார்: பேதுருவையும் மற்ற அப்போஸ்தலரையும் கிறிஸ்துவைப் போலவே ஏற்கிறோம், அவர்கள் பெயரில் வரும் போலி எழுத்துக்களைத் தள்ளுகிறோம், ஏனென்றால் அப்படிப்பட்டவை நமக்கு ஒப்புவிக்கப்படவில்லை.

அந்தப் "பெரும்பகுதி சரி" என்பதைப் பிள்ளைகளுக்கு நிறுத்திச் சொல். முழுக்கத் தப்பான பிரசங்கத்தை யாரும் நம்புவதில்லை.

நல்லெண்ணமும் போலிக்குச் சாக்கு ஆகவில்லை. பவுலின் பெயரில் கதை எழுதிய ஆசியாவின் மூப்பர் ஒருவர், பவுல்மேல் உள்ள அன்பினால் எழுதினேன் என்று ஒப்புக்கொண்டும் பதவியை இழந்தார் என்று ஆதி சபை எழுத்தாளர் தெர்த்துல்லியன் எழுதுகிறார்.

இங்கே ஒரு கெட்டிக்காரப் பிள்ளை கை தூக்கும்: மாற்குவும் லூக்காவும் அப்போஸ்தலர் இல்லையே? இல்லைதான். மாற்கு பேதுருவின் மொழிபெயர்ப்பாளர் என்று இரண்டாம் நூற்றாண்டு ஆயர் பப்பியா சொல்கிறார். லூக்கா பவுலோடு பயணம் செய்தவர், தன் முதல் நாலு வசனத்திலேயே கண்ணாரக் கண்டவர்கள் ஒப்புவித்ததை விசாரித்து எழுதுகிறேன் என்கிறார். எபிரெயர் நிருபம் இன்னும் சிக்கல். எழுதினவர் யாரென்று தேவனுக்கே தெரியும் என்று மூன்றாம் நூற்றாண்டு வேதபண்டிதர் ஒரிகேன் விட்டுவிட்டார். மேற்கத்திய சபைகள் வெகுகாலம் தயங்கின. யாக்கோபு, யூதா, 2 பேதுரு, 2, 3 யோவான் ஆகியவை சிலரால் சந்தேகிக்கப்பட்டவை என்று ஆதி சபையின் சரித்திரம் எழுதிய எவுசேபியுவே பட்டியல் போடுகிறார். இதையெல்லாம் மறைக்காதே. பிள்ளை பதினெட்டு வயதில் போனில் தானே படித்து, அண்ணன் நம்மிடம் சொல்லவில்லையே என்று நினைப்பதை விட, பன்னிரண்டு வயதில் உன் வாயிலிருந்து கேட்பது மேல். தயக்கம் இருந்ததே அவர்கள் கண்ணை மூடிக்கொண்டு எதையும் உள்ளே விடவில்லை என்பதற்கு அத்தாட்சி.

கத்தோலிக்க வீட்டுப் பிள்ளைகள் இரண்டு பேர் உன் வகுப்புக்கு வருகிறார்கள் அல்லவா, அவர்கள் வைத்திருக்கும் வேதத்தில் 73 புத்தகம், நம்மிடம் 66. வித்தியாசம் முழுவதும் பழைய ஏற்பாட்டில். புதிய ஏற்பாட்டின் 27-ல் சண்டையே இல்லை. வாய்மொழியாக வந்த பாரம்பரியத்துக்கும் அதிகாரம் உண்டு என்பதற்கு அவர்கள் காட்டும் வசனம் 2 தெசலோனிக்கேயர் 2:15, "வார்த்தையினாலாவது நிருபத்தினாலாவது". அது வேதத்தில் இருக்கிற வசனம், நழுவாதே. அந்த வாய்மொழி உபதேசம் இன்று எங்கே நமக்கு நிச்சயமாகக் கிடைக்கிறது என்பதில்தான் நாம் பிரிகிறோம் என்று சொல், போதும். போதக அதிகாரம் தேவவார்த்தைக்கு மேலானதல்ல, அதற்கு ஊழியம் செய்வது என்று 1965-ல் வத்திக்கான் சங்கமும் எழுதியிருக்கிறது.

இனி வசனத்தை எடுத்துப் பாடம் நடத்தும் விதம். நம் ஆட்களிடம் அதிகம் கெட்டுப்போவது இங்கேதான். வருஷப்பிறப்பு ஆராதனையில் வாக்குத்தத்த அட்டை எடுக்கிறோம். எரேமியா 29:11 வந்தால் வீடே சந்தோஷப்படும். அதற்கு முந்தின வசனத்தை யாரும் அட்டையில் அச்சிடுவதில்லை: பாபிலோனில் எழுபது வருஷம் நிறைவேறின பின்பு. பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எரேமியா எழுதிய கடிதம் அது. அதைக் கேட்ட பெரியவர்களில் அநேகர் திரும்பிவராமலே அங்கே செத்திருப்பார்கள். வாக்குத்தத்தம் பொய்யில்லை, யாருக்கு, எப்போது என்பதை வெட்டி எடுத்ததில் வந்த கோளாறு.

ஆகவே ஒரு வசனத்தைத் தொடுமுன் அந்த நிருபத்தை ஒரே மூச்சில் சத்தமாக வாசித்துவிடு. கலாத்தியர் ஆறு அதிகாரம், 149 வசனம், அரைமணி நேரம்கூட ஆகாது. வாசிக்கும்போது பேசுகிறவர் யார், கேட்கிறவர் யார் என்று ஓரத்தில் பென்சிலால் குறி. கட்டளையா யோசனையா என்றும் பார். 1 கொரிந்தியர் 7-ல் பவுலே பிரிக்கிறார்: பத்தாம் வசனத்தில் "நானல்ல, கர்த்தரே", பன்னிரண்டில் "கர்த்தர் அல்ல, நானே", இருபத்தைந்தில் "என் அபிப்பிராயம்". அடுத்து, அதே உபதேசம் இன்னொரு அப்போஸ்தலன் வாயில் வருகிறதா என்று தேடு. ஒரே வசனத்தில் தொங்குகிற உபதேசத்தைப் பிள்ளைகள் தலையில் ஏற்றாதே.

கடைசியாக, தமிழையும் பர்மியத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வை. அமெரிக்க மிஷனரி ஜட்சன் 1834-ல் மோல்மேனில் பர்மியத்தில் முடித்தது எபிரெயத்திலிருந்தும் கிரேக்கத்திலிருந்தும் செய்த மொழிபெயர்ப்பு. நம் தமிழும் மூலத்தைப் பார்த்துச் செய்ததுதான். இரண்டும் வேறுபடுகிற இடத்தில் மூலத்தில் ஏதோ முடிச்சு இருக்கிறது என்று தெரிந்துகொள். யோவான் 5:39-ஐ எடு. நம் தமிழில் "ஆராய்ந்துபாருங்கள்" என்று கட்டளை. கிரேக்க வினையை "ஆராய்ந்துபார்க்கிறீர்கள்" என்றும் வாசிக்கலாம், எழுத்து ஒன்றுதான். புதிய தமிழ் மொழிபெயர்ப்பான திருவிவிலியம் அப்படித்தான் எடுத்திருக்கிறது. அப்படி வாசித்தால் அது வேதவாசிப்புக்கு அழைப்பாக இல்லாமல், வேதத்தைத் துருவித்துருவி வாசித்தும் அது யாரைக் காட்டுகிறதோ அவரிடம் வராதவர்களுக்குக் கடிந்துகொள்ளுதல் ஆகிறது. அந்த ஒரு வார்த்தையை மட்டும் வைத்து, வேதம் வாசிக்கச் சொல்லி இயேசு கட்டளையிட்டார் என்று பாடம் கட்டாதே. பெரோயா பட்டணத்தாரை எடு (அப்போஸ்தலர் 17:11). பவுல் சொன்னதையே தினந்தோறும் சரிபார்த்ததற்காகப் பாராட்டு வாங்கினவர்கள். 1 யோவான் 5:7-ல் "பரலோகத்திலே சாட்சியிடுகிறவர்கள் மூவர்" என்ற பகுதியிலும் திரித்துவத்தை நிறுத்தாதே. கிரேக்கப் புதிய ஏற்பாட்டை அச்சிட்ட எராஸ்மு தன் முதல் இரண்டு பதிப்பில் அதைச் சேர்க்கவில்லை, 1522-ல்தான் சேர்த்தார். திரித்துவத்துக்கு மத்தேயு 28:19 இருக்கும்போது ஆட்டம் காண்கிற தூணில் ஏன் சாய்கிறாய்?

வருகிற ஞாயிற்றுக்கு யூதாவின் நிருபத்தை எடு. 25 வசனம், ஒரே வகுப்பில் முடியும். மூன்றாம் வசனத்தில் "ஒருவிசை ஒப்புக்கொடுக்கப்பட்ட விசுவாசம்" வருகிறது, நேரத்தில் பாதியை அதற்கே கொடு. பதினாலாம் வசனத்துக்கு வந்ததும், ஏனோக்கின் புத்தகத்தை யூதா எடுத்துச் சொல்கிறாரே, அப்படியானால் அதுவும் வேதமா என்று கட்டாயம் கேட்பார்கள். எத்தியோப்பிய சபை அதை வேதத்தில் வைத்திருக்கிறது என்று உண்மையைச் சொல். பிறகு அப்போஸ்தலர் 17:28-ஐத் திறக்கச் சொல். அங்கே பவுல் அத்தேனே பட்டணத்தில் கிரேக்கக் கவிஞனின் வரியைச் சொல்கிறார். தீத்து 1:12-ல் கிரேத்தா தீவின் புலவன் வருகிறான். அந்தக் கவிதைகளை யாராவது வேதத்தில் சேர்த்தார்களா என்று நீ கேள். பதிலை அவர்களே சொல்லட்டும்.

உன் அண்ணன்